மாடியும் கீழ்த்தளமும் ஒரே சீராக இருக்க

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட இரண்டு தள வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்களிடம் பேசினால், பெரும்பாலும் ஒரே குறைதான் காதில் விழுகிறது: கோடையில் மேல்தளப் படுக்கையறையில் படுக்க முடியவில்லை, குளிர்காலத்தில் கீழே காலை வைக்க முடியவில்லை. காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் பழைய ஃபர்னஸை மாற்றும் காலம் வந்ததும், இதைவிடப் பெரிய இயந்திரமாகப் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டுக்காக இதைத் தேடிப் படித்து, விலை கேட்டு, வந்தவர்களிடம் விசாரித்த பிறகு நான் உறுதியாகச் சொல்வேன்: பெரிய இயந்திரம் இந்தக் குறையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

வெப்பநிலையைப் பார்த்து இயந்திரத்தை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் கீழ்த்தள நடைக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதற்குத் தெரிவது அந்த இடத்தின் வெப்பநிலை மட்டுமே. அளவுக்கு மிஞ்சிய திறன் கொண்ட ஃபர்னஸ் அந்த இடத்தைச் சில நிமிடங்களில் சூடாக்கிவிட்டு, கடைசி அறைக்குப் போதிய வெப்பம் போய்ச் சேரும் முன்பே நின்றுவிடுகிறது. கோடையில் இதன் பாதிப்பு இன்னும் மோசம், ஏனென்றால் காற்றிலுள்ள ஈரம் ஏசியின் குளிர்ந்த குழாய்ச் சுருளில் நீராகப் படிந்து வடிவதற்கு இயந்திரம் நெடுநேரம் ஓட வேண்டும். சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும் ஏசி, குளிர்ச்சியைத் தந்தாலும் பிசுபிசுப்பை அப்படியே விட்டுவிடுகிறது.

ஆகவே விலை சொல்ல வருபவர் பேஸ்மென்டில் பழைய ஃபர்னஸின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, மாடிக்கு ஏறாமலேயே அதே அளவை எழுதித் தந்தால், அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிடலாம். கனடாவில் இதற்கென்றே சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கணக்கீட்டு முறை இருக்கிறது. சுவர், ஜன்னல், கூரையின் வெப்பக் காப்பு, காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்த்து, வெளியே ஏறத்தாழ மைனஸ் 20 பாகை செல்சியஸ் குளிர் நிலவும்போது வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பதை அறை அறையாகக் கணக்கிட வேண்டும். கணக்குப் போடும் முன்பே கூரைக்குள் காப்பைத் தடிப்பாக்கி, கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கின் வாசல் இடுக்குகளை அடைப்பது நல்லது. குளிர்காலத்தில் மேலெழும் சூடான காற்று அந்த வழியாகத்தான் தப்பிப் போகிறது, அதற்கு ஈடாகக் கீழே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது.

அடுத்தது டக்ட், அதாவது காற்றை அறைகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள். ஃபர்னஸ் ஓடும்போது ஒவ்வொரு அறையின் காற்றுத் திறப்பிலும் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஃபர்னஸுக்கு நேர் மேலே இருந்த அறையில் தாள் விறைத்துப் பறந்தது. மாமி படுக்கும் மூலை அறையில் நுனி மட்டும் அசைந்தது. பல பழைய வீடுகளின் படுக்கையறைகளில் காற்றை மீண்டும் ஃபர்னஸுக்கு இழுக்கும் வழியே கிடையாது; கதவைச் சாத்தியதும் உள்ளே காற்று வருவது குறைந்துவிடும். கிளைக் குழாய்களில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டாம்பர் தகடுகளைச் சரிசெய்வதும், இணைப்புகளில் கசிவை அடைப்பதும், மேல்தளத்தில் ஒரு ரிட்டர்ன் (காற்று திரும்பும் வழி) வைப்பதும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவுகள்தான்.

இவற்றுக்குப் பிறகே எந்த இயந்திரம் என்ற கேள்வி வருகிறது. என் தெரிவு, வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடும் குளிர்நாட்டு ஹீட் பம்ப், அதாவது குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் இயந்திரம். மைனஸ் 25 பாகைவரை இயங்கும் வகைகள் இப்போது கிடைக்கின்றன. ஒரே இயந்திரம் கோடையில் குளிர்விக்கிறது, குளிர்காலத்தில் சூடாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முழு வேகத்தில் எழும்பி நிற்பதற்குப் பதிலாக நாள் முழுவதும் மெதுவாக ஓடுகிறது. அந்த மெதுவான ஓட்டம்தான் தளங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறைக்கிறது. கடுங்குளிர் நாட்களுக்குத் துணையாக எரிவாயு ஃபர்னஸை வைத்துக்கொள்ளலாம். ஃபர்னஸிலிருந்து 50 பாகைக்கு மேல் வரும் காற்றுக்குப் பழகிய பெரியவர்களுக்கு, ஹீட் பம்பிலிருந்து 35, 40 பாகையில் வரும் காற்று கையில் பட்டால் சூடாகவே தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதே காரணத்தால் அதற்குக் கூடுதல் காற்றோட்டமும் தேவை; ஒரு டன் திறனுக்கு (டன் என்பது இங்கே எடையல்ல, குளிர்விக்கும் திறனின் அளவு) நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி என்பது வழக்கமான கணக்கு. பழைய ஒடுங்கிய டக்ட் அதைத் தாங்குமா என்று அளந்து பார்த்த பின்பே வாங்க வேண்டும். தாங்காது என்றால், மேல்தளத்துக்கு மட்டும் டக்ட் இல்லாத சுவர் இயந்திரம் ஒன்றைத் தனியாகப் பொருத்துவதே நேர்மையான தீர்வு.

டக்ட்டுக்குள் காற்றைத் தள்ளும் விசிறியை எப்போதும் ஓட விடுவது குளிர்காலத்தில் பயன் தருகிறது. கோடையில் ஏசி நின்ற பின்னும் விசிறி ஓடினால் சுருளில் படிந்த நீர் மீண்டும் காற்றில் கலக்கும், அதனால் அப்போது தெர்மோஸ்டாட்டில் விசிறியை 'ஆட்டோ' நிலையில் வைப்பதே சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வேலை முடிந்ததும் டக்ட்டின் அழுத்தத்தையும் ஒவ்வொரு அறைக்கும் போகும் காற்றின் அளவையும் அளந்து எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.