தாத்தாவோட ரெட்டைக்குழலும் பெரியப்பாவோட பத்து லட்சமும்

எங்க தாத்தா வால்பாறைப் பக்கம் டீ எஸ்டேட்ல கண்டக்டரா இருந்தவரு. பஸ் கண்டக்டர் இல்லங்க, எஸ்டேட்ல ஆள் மேய்க்கறவர அப்படித்தான் சொல்லுவாங்க. சீமைக்குத் திரும்பிப் போன தொரை ஒருத்தர் கொடுத்துட்டுப் போன 12 போர் (குழல் வாயோட அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு, இப்ப லைசென்ஸ் பெரியப்பா பேர்ல இருக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "டமாஸ்கஸ் குழல்டா, பத்து லட்சத்துக்குக் கொறஞ்சு போகாது"ன்னு ஆரம்பிச்சுடுவாரு. போன மாசம் ஒரு லைசென்ஸ் டீலர் கடைக்கு அவரோட நானும் போனேன், அங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து கத்துக்கிட்டதத்தான் எழுதறேன்.

ரெண்டு குழலுக்கும் நடுவுல மேல ஓடற பட்டையில "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்"னு இருக்கும். ஆமா, மவுண்ட் ரோட்டு கடிகாரக் கடையேதான், அந்தக் காலத்துல துப்பாக்கியும் வித்திருக்காங்க. இத்தன வருசமா அவங்க செஞ்சதுன்னுதான் நாங்க நெனச்சிருந்தோம். டீலர் சிரிச்சுட்டாரு. மேல இருக்கற பேர் பாதி நேரம் வித்த கடையோட பேருங்க, பர்மிங்காம்ல செஞ்சு யார் ஆர்டர் கொடுத்தாங்களோ அவங்க பேர வெட்டி அனுப்பறது அப்ப சாதாரணம், அதுகூடப் பரவால்ல, பெல்ஜியத்துல செஞ்சுட்டு பெரிய இங்கிலீஷ் கம்பெனி மாதிரியே ஒலிக்கற பேரப் போட்டு வித்தவங்களும் உண்டுன்னாரு. அதனால பேரப் பாத்து மயங்காதீங்க, குழலக் கழட்டித் திருப்புங்க.

குழலுக்கு அடியில கையால புடிக்கற முன்கட்டையக் கழட்டி, துப்பாக்கிய மடிச்சு, குழல வெளிய எடுத்தா தோட்டா போடற எடத்துக்கு அடியில தட்டையா ஒரு எடம் இருக்கு. ஜாதகமே அங்கதான். உள்ளூர்ல வித்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் சோதனைச்சாலையில கூடுதல் வெடிமருந்து வச்சு வெடிச்சுப் பாத்து முத்திரை குத்தித்தான் இங்கிலாந்துல விடணும். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813ல வந்தது. குறுக்க ரெண்டு செங்கோல், மேல கிரீடம், பக்கத்துல எழுத்துன்னு இருந்தா 1904க்கு முந்தின பர்மிங்காம் முத்திரை. முட்டை வடிவத்துக்குள்ள ஈ எல் ஜின்னு இருந்தா பெல்ஜியம், லீஜ். அதுக்கு மேல கிரீடம் இருந்தா 1893க்கு அப்புறம்.

எங்களதுல செங்கோல் இருந்துச்சு. கூடவே இடது குழல்ல "நாட் ஃபார் பால்"னு குத்தியிருந்துச்சு. அத லென்ஸ்ல பாத்ததும் டீலர் நிமிந்து உக்காந்தாரு. வாய்ப்பக்கம் குறுக்கின குழல்ல ஒத்த உருண்டை போட்டுச் சுடாதேன்னு அர்த்தம், அந்த வாசகம் 1875லேர்ந்து 1887 வரைக்கும்தான் குத்துனாங்களாம். ஒரே வரியில வயசு கெடச்சுடுச்சு! பெரியப்பா மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

அடுத்த வார்த்தையில எறங்கிடுச்சு. இப்ப வர்ற புகையில்லாத மருந்துக்கு சோதிச்ச முத்திரை இதுல இல்ல, அதுக்கு முந்தி இருந்த கரும்மருந்து (பழைய கருப்பு வெடிமருந்து) காலத்துக் குழல். டமாஸ்கஸ்னா இரும்பும் எஃகும் பட்டைபட்டையா முறுக்கி உருளை மேல சுத்தி அடிச்சு ஒட்டறது, பாக்க அழகு, ஆனா அந்தக் காலத்துல எக்கச்சக்கமா செஞ்சிருக்காங்க, அபூர்வமெல்லாம் இல்ல. ஒட்டுக்குள்ள துரு எங்க இருக்குன்னு வெளிய தெரியாது. தோட்டா அறையோட நீளமும் 65 மில்லிமீட்டர்தான், இன்னிக்குக் கடையில கெடைக்கற 70 மில்லி தோட்டா உள்ள போயிடும், வெடிக்கறப்பத்தான் விரிய எடமில்லாம அழுத்தம் ஏறும். தாத்தா பன்னி வெரட்ட எத்தன தடவ சுட்டிருப்பாரு, குலதெய்வம்தான் காப்பாத்தியிருக்கு.

அப்புறம் குழலத் தொங்கவிட்டு விரல் முட்டியால தட்டிப் பாத்தாரு. கோயில் மணி மாதிரி நீளமா கேக்கணுமாம், எங்களது "டக்"குனு செத்த சத்தம், பட்டை ஒட்டு எங்கயோ விட்டிருக்கு. துப்பாக்கியத் திரும்ப மாட்டி மூடிப் புடிச்சு ஆட்டுனா லேசா கலகலன்னுது.

இதெல்லாம்கூடப் போகுதுன்னு விட்டிருக்கலாம். மாமா ஒருத்தர் பாசமா கட்டைக்கு எமரி பேப்பர் போட்டுத் தேச்சு வார்னிஷ் அடிச்சிருந்தாரு, கை வழுக்காம இருக்கப் புடியில வெட்டியிருந்த பொடிக்கட்டம் மொத்தமும் போச்சு. வெலையக் கொன்னது அந்த ஒரு ஞாயித்துக்கெழமதான்னாரு டீலர். பழசுக்கு அழுக்கும் தேய்மானமும் ஒரிஜினலா இருக்கறதுதான் காசு.

நம்ம ஊர்ல இன்னொன்னும் இருக்கு. வாங்கறவருக்கு லைசென்ஸ் வேணும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான். அந்த ரெண்டுல ஒண்ண சுட முடியாததுக்கு யார் ஒதுக்குவாங்க? புகையில்லா மருந்து முத்திரையோட நல்லா இருக்கற வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு இங்க செம கிராக்கி, ஏன்னா இறக்குமதி நின்னு பல வருசமாச்சு. அந்த வெலையக் கேட்டுட்டு நம்ம வீட்டுதுக்கும் அதேன்னு நெனச்சதுதான் பெரியப்பா செஞ்ச தப்பு.

அவர் சொன்ன வெலைய இங்க போட மாட்டேன், பெரியப்பா இதப் படிப்பாரு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்ததும் தோல் உறைய வெயில்ல காயப்போட்டாரு, தோல் ஈரத்த இழுத்துக் குழல துருப்புடிக்க வைக்கும், அதுல போட்டு வைக்காதீங்கன்னு டீலர் சொல்லியிருந்தாரு. இப்ப லேசா எண்ணெய் தடவிப் பழைய காட்டன் வேட்டியில சுத்தி பீரோக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கு, தாத்தாவோட வேட்டிதான்.