வாத்து அப்பாவோட நட்சத்திரத்தைத் தேடி

லாஸ் ஏஞ்சலஸ் போனா சைனீஸ் தியேட்டர் வாசல் சிமெண்ட்ல பதிஞ்சிருக்கற நடிகருங்க கைத்தடத்துல நம்ம கையை வெச்சு அளவு பார்க்கறது எல்லாரும் செய்யறதுதான், நாங்களும் செஞ்சோம். ஆனா அக்கா பையன் காலையிலேருந்து ஒரே அடம், அந்தப் பக்கம் ஹாலிவுட் நடைபாதையில நடிகருங்க பேரு போட்டு நட்சத்திரம் பதிச்சிருக்கும், அதுல அவனுக்கு வாத்து அப்பாவோட ஸ்டார்தான் வேணுமாம். குங் ஃபூ பாண்டா கார்ட்டூன் படத்துல பாண்டாவை வளர்த்துகிட்டு நூடுல்ஸ் கடை வெச்சிருக்குமே ஒரு வாத்து, மிஸ்டர் பிங், அதுக்கு குரல் கொடுத்த ஜேம்ஸ் ஹாங்கைத்தான் சொல்றான்.

அந்த தியேட்டர் 1927ல திறந்தது, முகப்புல பெரிய டிராகன், சிவப்புத் தூணு, எல்லாம் ஜோரா இருக்கு. ஆனா அதைக் கட்ட ஆரம்பிச்சப்போ விழாவுக்கு வந்து நின்ன சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்கோட கைத்தடம் அங்க இல்ல. கூரை மட்டும் சீனா மாதிரி இருந்தா போதும்னு விட்டுட்டாங்க போல.

வெயில்ல குனிஞ்சுகிட்டே நடந்தோம். 2,700க்கு மேல நட்சத்திரம் பதிச்சிருக்காங்க, பாதி பேரு யாருன்னே தெரியல, கழுத்து வலிதான் மிச்சம். கடைசில பையன்தான் "மாமா இங்க!"ன்னு கத்துனான். ஹாங் பேரு மேல யாரோ ஐஸ் காபியை கொட்டிட்டுப் போயிருந்தாங்க, அவன் அக்கா பையிலேருந்து டிஷ்யூவை உருவி உட்கார்ந்து துடைக்க ஆரம்பிச்சுட்டான், போறவங்க எல்லாம் சுத்திப் போறாங்க.

இந்த ஸ்டார் 2022ல கிடைச்சப்போ அவருக்கு வயசு 93. ஸ்டாருக்கு ஆயிரக்கணக்குல டாலர் கட்டணுமாம், டேனியல் டே கிம்னு இன்னொரு நடிகர் ஆரம்பிச்சு வெச்சு ரசிகருங்க சேர்ந்து கட்டுனது.

எங்க மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சிவில் இன்ஜினியர். ஹாங்கும் சிவில் படிச்சவர்தான், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டில ரோடு இன்ஜினியர் வேலை, லீவு போட்டுட்டு நடிக்கப் போவாராம்னு நான் சொன்னதும் மாமா முகத்துல ஒரு ஏக்கம் பாருங்க! அக்கா உடனே "நீங்க லீவு போட்டா தூங்கத்தான் செய்வீங்க"ன்னு முடிச்சு விட்டா.

1950கள்ல ஹாங் மாதிரி ஒரு சீன முகத்துக்கு என்ன ரோல் கிடைச்சிருக்கும்? வேலைக்காரன், லாண்டரிக்காரன், வில்லன். சார்லி சான்னு ஒரு சீன டிடெக்டிவ் டிவி தொடர்ல இவர் மகனா வந்தார், அப்பாவா நடிச்சது ஒரு வெள்ளைக்காரர். ஜப்பான் படம் காட்ஸில்லாவை அமெரிக்காவுக்கு டப்பிங் பண்ணப்போ ஒண்ணுக்கு மேல கேரக்டருக்கு இவரே பேசியிருக்கார். எனக்கென்னவோ அந்த வாத்துக் குரலுக்கான பயிற்சி அங்கேயே ஆரம்பிச்சிடுச்சுன்னு தோணுது. சின்ன ரோல்னு அலட்சியமே கிடையாது, 1991ல சைன்ஃபெல்டுங்கற காமெடி டிவி தொடர்ல சைனீஸ் ரெஸ்டாரன்ட்ல டேபிள் கொடுக்கறவரா வருவார், "அஞ்சு, பத்து நிமிஷம்"னு அவர் சொல்ற தோரணைக்கே நான் பத்து தடவை பார்த்திருக்கேன். சினிமா, டிவி எல்லாம் சேர்த்தா 600ஐ தாண்டும்ங்கறாங்க.

ஆனா நான் போக ஆசைப்பட்ட இடம் வேற. மெட்ரோ பிடிச்சு செவன்த் ஸ்ட்ரீட்ல மாறி ஜப்பானியருங்க பகுதியான லிட்டில் டோக்கியோ போனோம், பையன் தூங்கிட்டான், மாமா தோள்ல தூக்கிகிட்டார். ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் நாடகக்குழுவோட தியேட்டர் அங்கதான். நல்ல ரோல் தரமாட்டேங்கறாங்களா, நாமளே மேடை போடுவோம்னு 1965ல ஆரம்பிச்ச ஒன்பது பேர்ல ஹாங் ஒருத்தர், மாக்கோங்கற நடிகர் இன்னொருத்தர். சீனா, ஜப்பான், கொரியான்னு பூர்வீகம் எல்லாம் வேற வேற, மாட்டியிருந்த பிரச்சினை ஒண்ணுதான். முதல்ல ஒரு சர்ச் பேஸ்மெண்ட்ல போட்டாங்க, 1998லேருந்து இந்தப் பழைய யூனியன் சர்ச் கட்டடத்துல 240 சீட் அரங்கம். இதே சர்ச் முன்னாடிதான் 1942ல, ரெண்டாம் உலகப்போர் நேரத்துல, ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களை வரச்சொல்லி பஸ் ஏத்தி முகாமுக்கு அனுப்பியிருக்காங்க. அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்துதான் தண்ணி குடிச்சோம், படிச்சது ஞாபகம் வந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அன்னிக்கு நாடகம் எதுவும் இல்ல, கதவு பூட்டியிருந்தது. பையன் முழிச்சு கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு "உள்ள வாத்து அப்பா இருக்காரா?"ன்னான். இல்லடா, அவர் கட்டுன வீடு இதுன்னேன். "அப்போ நூடுல்ஸ் எங்க?"ன்னு அடுத்த கேள்வி. பசி. எதிர்த் தெருவுல ராமென் கடை வரிசை ஒரு மணி நேரம்னாங்க, பேரை எழுதிக் கொடுத்துட்டு நின்னோம்.