ஆச்சி சொன்னத எழுதவா, பக்கத்து வீடு சொன்னத எழுதவா

மக்கள்தொகை பதிவேட்ட சரிபாக்க சர்வேல, வெளியூர்ல இருக்க ஒரு மகன் பேருக்கு ஃபார்ம்ல 'இல்லை'ன்னு நான் எழுதச் சொன்னது சரிதான்னு கேக்கவங்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன், யாரும் கேக்காதப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கேன், அதுதான் பிரச்சினை.

பதிவேட்ட சரிபாக்க ரெண்டு சாம்பிள் போடுவோம். ஒண்ணு ஏரியா சாம்பிள், தெருவுல இருக்க ஆள எழுதிட்டு அப்புறம் பேரு பதிவேட்டுல இருக்கான்னு பாக்கது, விடுபட்டவங்க அதுல மாட்டுவாங்க. இன்னொண்ணு பதிவேட்டுலேருந்து பேர உருவிக்கிட்டு ஆளத் தேடிப் போறது. நம்ம பக்கம் இந்த ரெண்டாவதுதான் தலைவலி, ஆலங்குளமோ கடையநல்லூரோ, பேரு இங்க இருக்கும், ஆளு பம்பாய்ல பலசரக்குக் கடையில இல்லன்னா வளைகுடாவுல. 2008ல இஸ்ரேல் பதிவேட்ட வச்சு சென்சஸ் எடுத்தப்பவும் இதே கததான், வெளிநாட்டுல குடியேறுனவங்க பேரெல்லாம் பதிவேட்டுல அப்படியே கெடந்துச்சு, அவங்களும் ரெண்டு சாம்பிள் போட்டுத்தான் கணக்க சரிபண்ணுனாங்க.

அப்படி ஒரு பேரத் தேடிப் போன வீட்டுல, அந்த ஆளோட அம்மா, ஆச்சி, பீடித்தட்ட மடியில வச்சு எல வெட்டிக்கிட்டே பேசுனா.

"ஆறு மாசமா மகன் இங்கயா இருக்காரு?"

"இல்லய்யா."

"இனிமே ஆறு மாசம் இருப்பாரா?"

"கோயில் கொடைக்கு வாரேன்னு சொல்லிருக்கான், வந்தாம்னா பொறவு எதுக்குப் போறான்? பேர அடிச்சிராதிய ராசா."

இதுல பேரெல்லாம் அடிக்க மாட்டோம் ஆச்சி, சும்மா கணக்குக்குத்தான்னேன். "அப்ப எதுக்குய்யா எழுதுத?"ன்னா.

சூப்பர்வைசர் அண்ணாச்சி மெதுவா, "பெத்தவ சொல்லுதாவல்லா சார், இருப்பார்னு போட்டுருவோம்"னாரு. நான் பக்கத்து வீட்டுல கேக்கச் சொன்னேன். "அவனா, போன கொடைக்கும் ஆச்சி இதையேதான் சொன்னா"ன்னு பதில் வந்துச்சு. 'இல்லை'ன்னு எழுத வச்சேன்.

என் நியாயம் இதுதான், சாம்பிள்ல வர்ற ஒரு பேரு நூத்துக்கணக்கான பேருக்குப் பதிலா நிக்குது, எல்லா அம்மாவோட ஆசையையும் 'ஆம்'னு எழுதுனா இல்லாத ஆளெல்லாம் ஊர்ல இருக்கதா ஆயிரும், அதக் கண்டுபிடிக்கத்தான சர்வேயே. ஆனா விதியப் பாருங்க, மக்கள்தொகை பதிவேட்டுல வழக்கமா வசிப்பவர்னா ஆறு மாசம் இருந்தவர் மட்டுமில்ல, இனிமே ஆறு மாசம் இருக்க நெனைக்கவரும்தான். நெனப்ப யாருகிட்ட கேக்க? மகன்கிட்ட பேசுறது ஆச்சி, பக்கத்து வீடு இல்ல. அதே சமயம் போன கொடைக்கும் இதேதான சொன்னா.

இன்னொண்ணு, அந்த மகன் வேல பாக்க ஊர்ல கடைக்குள்ளயே படுக்கானாம். 2011 சென்சஸ் முடிஞ்சு நடந்த சரிபார்ப்பு சர்வேல ஆயிரத்துக்கு 23 பேரு விடுபட்டதா வந்துச்சு. கடை ஷட்டருக்குப் பின்னால படுக்கவன அந்த ஊர்ல எவன் போயி எழுதுவான், இங்கயும் நான் 'இல்லை'ன்னுட்டேன். அது என் சர்வே டிசைனுக்கு வெளிய உள்ள வேலன்னு சொல்லலாம், சொல்லிக்கவும் செஞ்சேன்.

அடுத்த ஃபார்ம்ல 'தகவல் சொன்னது யாரு'ன்னு ஒரு கட்டம் சேத்துருக்கேன். அண்ணாச்சி பாத்துட்டு, அம்மாவும் பக்கத்து வீடும் வேற வேற சொன்னா எந்த கோட் நம்பர் போடணும் சார்னு கேட்டு அனுப்பிருக்காரு. இன்னும் பதில் போடல.