எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட தளபதி

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்த காலத்தில், “இதை எழுத்தில் கொடுங்கள்” என்று மேலதிகாரிகள் சொன்னாலே எனக்கு அடிவயிறு கலங்கும். நாளை ஏதாவது ஆனால் பழி யார் தலையில் விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. லைன் கிளியரில், அதாவது மின்சாரம் நிறுத்தப்பட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதிச் சீட்டில், கையெழுத்திட்டு ஒரு மனிதரைக் கம்பத்தில் ஏற்றியவர்களுக்கு அந்தக் காகிதத்தின் கனம் தெரியும்.

1944 மே 30. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாடுகள் படையிறக்கச் சில நாட்களே இருந்தன. விமானப்படைத் தளபதி லீ-மல்லரி, நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரிடம் வந்து மன்றாடினார். யூட்டா என்று பெயரிடப்பட்ட தரையிறங்கு கடற்கரைக்குப் பின்னால் இரண்டு அமெரிக்க வான்குடைப் பிரிவுகளை இறக்கினால் குதிப்பவர்களில் பாதிப்பேரையும், கிளைடர்கள் எனும் இயந்திரமில்லா விமானங்களில் 70 சதவீதத்தையும் இழப்போம், கைவிடுங்கள் என்றார். ஆனால் அந்தக் கடற்கரைக்குப் பின்னால் ஜெர்மானியர்கள் வயல்வெளியில் நீரைத் தேக்கியிருந்தார்கள். உள்ளே செல்லக் குறுகிய கரைப்பாதைகள் சிலவே உண்டு. அவற்றின் மறுமுனையை முன்கூட்டியே பிடிக்காவிட்டால் கரையேறும் படை மணலிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஐசன்ஹோவர் அந்த எச்சரிக்கையைக் கடிதமாகத் தரச் சொன்னார். தன் ஆலோசனை புறக்கணிக்கப்பட்டுப் பேரழிவு நேர்ந்தால் லீ-மல்லரிக்கு அது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே கேட்டு வாங்கும் அதிகாரியை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

பிறகு ஐசன்ஹோவர் வேறு யாரிடமும் கலந்தாலோசிக்காமல் தன் கூடாரத்துக்குப் போய்த் தனியாக யோசித்தார். திட்டம் நடக்கும் என்று லீ-மல்லரியிடம் தொலைபேசியில் சொன்னார். ஜூன் 5 மாலை, அந்த இரண்டு பிரிவுகளில் ஒன்றான, விமானம் ஏறவிருந்த 101-ஆம் பிரிவு வீரர்களை நேரில் போய்ப் பார்த்தார். பாதிப்பேர் திரும்பமாட்டார்கள் என்று எச்சரிக்கப்பட்ட பிறகும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். தோற்றால் வெளியிட ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தார்: படைகள் வீரத்தோடு கடமையைச் செய்தன, பழி ஏதும் உண்டென்றால் அது தன் ஒருவனுடையதே என்று. ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதியிட்டிருக்கிறார். அன்று அவர் மனம் இருந்த நிலை அதிலேயே தெரிகிறது.

இழப்பு இருந்தது, ஆனால் அஞ்சிய அளவுக்கு இல்லை. தன் கணிப்பு தவறியதில் மகிழ்ச்சி என்று லீ-மல்லரி தெரிவித்தார், தளபதியின் சுமையைக் கூட்டியதற்காக வருந்தினார். அவரைக் கோழை என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாட்களில் அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்திடவும் நெஞ்சுரம் வேண்டும்.