எட்டுக்கு எட்டும் தோல்வி

2019 மார்ச் 27 ராத்திரி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்ஸிட்டை எப்படி முடிப்பது என்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எட்டு யோசனைகளை ஓட்டுக்கு விட்டார்கள். ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறலாம், சுங்க ஒன்றியத்தில் (உறுப்பு நாடுகளுக்கிடையே சரக்குக்குச் சுங்க வரி இல்லாத ஏற்பாடு) மட்டும் ஒட்டிக்கொள்ளலாம், மறுபடி மக்களிடமே கேட்கலாம்... எட்டும் அவுட். சுங்க ஒன்றியம் வெறும் சில ஓட்டில் போச்சு. அப்போதைய பிரதமர் தெரசா மேயின் 585 பக்க வெளியேறும் ஒப்பந்தம் அதற்குள் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தது. மார்ச் 29தான் வெளியேறியிருக்க வேண்டிய நாள். அப்போதைக்கு ஏப்ரல் 12 என்றார்கள். சரி, பார்ப்போம் என்று இருந்தேன்.

கூட வேலை பார்த்த போர்ச்சுகல் அம்மா அப்போது 11 வருஷமாக லண்டனில் இருந்தார். பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் இங்கேயே தங்க விண்ணப்பிக்கும் செயலி அப்போது ஐபோனில் வேலை செய்யவில்லை. மறுநாள் மதியம் என் ஆண்ட்ராய்டு போனை வாங்கி, பாஸ்போர்ட் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நாலாவது தடவைதான் சிப்பைப் படித்தது. அதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இந்த மாதிரி அலைச்சல் நமக்குப் பழகியது, அவருக்குப் புதுசு.

வெளியேறலாமா என்று கேட்ட 2016 வாக்கெடுப்பில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கு, காமன்வெல்த் (பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளின் கூட்டமைப்பு) கணக்கில், ஓட்டு இருந்தது. அவருக்கு இல்லை. அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், “நீங்கள் எதற்குப் போட்டீர்கள்?” என்று கேட்டார்.