சேரம்பாடிச் சாலை: லெந்து நாட்குறிப்பு, 2025

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து எனும் தவக்காலத்தின் முதல் ஆராதனை முடிந்ததும் ஆயர் ஐயா என்னைத் தனியே அழைத்து, சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களில் சனிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடத்த வர முடியுமா என்று கேட்டார். எங்கள் திருச்சபைச் சேகரத்தின் கணக்குப் புத்தகம் என் கையில் இருக்கும்வரை வேறு பொறுப்பு என்னைத் தேடி வராது என்றிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

அச்சிட்ட வழிபாட்டு ஒழுங்கு கையில் இருந்தால் எந்தக் கூட்டத்தின் முன்னும் நிற்பேன். புத்தகமில்லாமல், ஒரு வீட்டுக் கூடத்தில், இன்னார் மகனுக்குக் குடி நிற்க வேண்டும், இன்னாருக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டு ஜெபிப்பது வேறு. முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு இது என்ன கூச்சம் என்று ஆயர் ஐயா சிரிக்கிறார். பாடத்திற்குக் கரும்பலகை இருந்ததே, ஐயா.

மார்ச் 8, சனி

போய் வந்தேன். கூடலூர் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்து பந்தலூர் வழியாக இன்னொரு பேருந்து. கூட்டத்தை மாலை மூன்று மணிக்கே வைக்கிறார்கள். இருட்டினால் யானை இறங்கிவிடும், லயனை விட்டு யாரும் வெளியே வருவதில்லை. ஆகவே பாட்டைக் குறைத்தாவது ஐந்துக்குள் முடித்தாக வேண்டும். உதகையில் நாங்கள் ஒரு ஞாயிறு அறிவிப்பு வாசிப்பதற்கே எடுத்துக்கொள்ளும் நேரத்தை எண்ணிக்கொண்டேன்.

கூட்டம் நடந்த வீட்டுப் பெரியம்மா இலங்கையின் பண்டாரவளைப் பக்கம் பிறந்தவர். இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 5,25,000 பேரில் தம் குடும்பமும் அடக்கம் என்பது அன்று அவருக்குத் தெரியாது. அப்பா பெட்டி கட்டியதும், தலைமன்னாரில் கப்பல் ஏறியதும், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றதும் நினைவிருக்கிறது. இப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவே அரசு 1968-இல் இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஐம்பது வருடம் கொழுந்து பறித்த விரல்களில் கறை போகவில்லை. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்” என்றார். பிளாஸ்க்கில் கொண்டு வந்திருக்கிறேன் என்று காட்டினேன். சரி என்று தலையசைத்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், இந்தச் சேரம்பாடி ஊழியத்தால் சபையில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், பேருந்துச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்டார். செலவு என் கைக்காசு என்றேன். முதல் கேள்விக்கு, பக்கத்தில் இருக்கும் கேத்தியை நினைவூட்டினேன். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் அங்கே 1846-இல் வேலையைத் தொடங்கியது. அந்த மிஷனின் மெட்ஸ் பாதிரியார் நீலகிரிப் படகர் ஊர்களையெல்லாம் நடந்தே சுற்றினார். படகரில் முதல் ஞானஸ்நானம் 1858-இல்தான் நடந்தது. அந்த இடைப்பட்ட வருடங்களில் பாசலுக்கு அவர்கள் என்ன கணக்கு எழுதி அனுப்பியிருப்பார்கள் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பொருளாகக் கல்லறைத் தோட்ட வேலிக்குப் போய்விட்டோம்.

மார்ச் 22, சனி

இயேசு எழுபது பேரை ஊழியத்திற்கு அனுப்பிய பகுதியை, லூக்கா பத்தாம் அதிகாரத்தை, இன்றைய கூட்டத்திற்கு எடுத்துக்கொண்டேன். பணப்பையும் சாமான்பையும் வேண்டாம், வீட்டுக்கு வீடு மாறாதிருங்கள், உங்கள் முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் கண் பெஞ்சின் மேலிருந்த பிளாஸ்க்கின் மேல் போயிற்று. அனுப்பப்பட்டவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத வீட்டில் வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது என்பதைப் பற்றி ஒன்றும் கேட்டதாக நினைவில்லை. தேத்தண்ணி குடித்தேன். சீனி அதிகம்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று இரவு திரும்ப முடியவில்லை. சாலை வளைவில் குட்டியோடு யானைகள் நின்றன. ஜீப்புக்காரத் தம்பி வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பெரியம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டார். இருந்த ஒரே கட்டிலை எனக்குத் தந்துவிட்டு அவர் தரையில் பாய் விரித்தார். வேண்டாம் என்றால் முகம் வாடும். சரி என்றால் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் இதே லயன்களுக்கு அரிசியும் கம்பளியும் அனுப்புகிறோம். பட்டியல் எழுதுவது நான்தான். அப்படி அனுப்பிய கம்பளி ஒன்றை அவர் எனக்கே போர்த்திவிட்டபோது, அதன் ஓரத்தில் எங்கள் சங்கத்தின் சீட்டு இன்னும் தைத்தபடியே இருந்தது.

மின்சாரம் இல்லை. படுக்குமுன் ஜெபிக்க வேண்டியது நான்தானே என்று சொற்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் பெரியம்மா இருட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். என் முழங்காலுக்காகவும், உதகையில் நான் தனியே இருக்கும் வீட்டிற்காகவும், நான் வந்துபோகும் பேருந்தின் ஓட்டுநருக்காகவும் ஜெபித்தார். மகன் ஓய்வு பெற்றால் இந்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற தம் கவலையைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்தார். ஆமென் மட்டுமே என்னுடையது. இதை ஊழியம் என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது, யார் பெயரில் எழுதுவது என்று விடியும்வரை யோசித்தேன்.

இன்று காலை ஆராதனைக்கு வர முடியவில்லை. காணிக்கை எண்ணுவதற்கு வேறொருவரைப் பிடித்திருக்கிறார்கள். எண்ணிக்கை சரியாகவே இருந்ததாம்.

ஏப்ரல் 3, வியாழன்

கணக்குப் புத்தகத்தை, அன்று காணிக்கை எண்ணிய தம்பியிடமே கொடுத்துவிட்டேன். கை வெறுமையாக இருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

பிளாஸ்க் கொண்டுபோகவில்லை. சீனி இன்னும் அதிகம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பேசுவோர் பட்டியலில் ஐந்தாவது, “தாகமாயிருக்கிறேன்”, வழக்கம்போல் எனக்கு. சிலுவையில் தண்ணீர் கேட்டவர், அதற்கு முன்பே சமாரியப் பெண்ணிடமும் கேட்டவர் என்று எப்போதும் தொடங்குவேன். அதை எழுதிய தாள்கூடப் பத்திரமாக இருக்கிறது. இந்த முறை பெரியம்மாவைப் பேசச் சொல்லலாம் என்று ஆயர் ஐயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். மேடைப் பழக்கம் இல்லாதவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஏப்ரல் 16, புதன்

இன்னும் பதில் இல்லை. பெரியம்மாவைக் கேட்டாயிற்று, வருகிறேன் என்கிறார். வியாழன் இரவே இங்கு வந்து தங்கட்டும். கட்டில் அவருக்கு.