கானாடுகாத்தானில் ஒரு ராத்திரி, சாமான் அறையில்

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோ கதையை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் எரிச்சல் அடங்காது.

திருச்சியிலிருந்து காரைக்குடி பஸ் ஏறி கானாடுகாத்தான் விலக்கில் இறங்கினோம். ஊர் நடக்கிற தூரம்தான். ஆனால் உச்சி வெயில், கூடவே அம்மா. நின்றது ஒரே ஆட்டோ. "இருநூத்தம்பது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஏந்தம்பி, திருச்சியிலேர்ந்து ரெண்டு பேருக்கும் சேர்த்தே அவ்வளவு ஆகலையே" என்றாள். "பங்களாவுல தங்க வர்றீங்க, இதுக்குப் போய் கணக்குப் பாக்குறீங்களேம்மா" என்று சிரித்தார். 150க்கு முடிந்தது. ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லை. விலை பேசாமல் ஏறாதீர்கள், அவ்வளவுதான்.

தங்கியது ஒரு பழைய நகரத்தார் வீட்டில். நகரத்தார் என்றால் செட்டிநாட்டு வணிகச் செட்டியார்கள். இப்போது அது ஹோட்டல். அறை 6,500 ரூபாய், வரி தனி. காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இதில் கால்வாசிக்கு நல்ல ஏசி ரூம் கிடைக்கும். அம்மாவிடம் பாதி விலைதான் சொல்லியிருந்தேன். அதற்கே "ஒரு ராத்திரிக்கா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

முகப்பில் ஏறியதும் அந்தக் கேள்வி நின்றுபோனது. இரண்டு கைகளாலும் அணைத்தாலும் பிடிபடாத பர்மா தேக்குத் தூண்கள். அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. நகரத்தாரிடம் வேறு வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான பிறகு மகனும் மருமகளும் அதே கூரைக்குள் தனி அடுப்பு, தனி வரவுசெலவு. அறைக்குள் பெரும்பாலும் இருப்பது பெண் கொண்டுவந்த சீர் சாமான்கள்தான். ஆட்கள் காற்றாட வெளியே படுத்துக்கொள்வார்கள். ஆக, நான் 6,500 கொடுத்துப் படுத்தது சாமான் அறையில்! அறை சின்னது, ஜன்னல் ஒன்று, குளியலறை பிற்பாடு ஒட்டவைத்தது. ஆனால் சுவர் இருக்கிறதே, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரை வெயிலிலும் கை வைத்தால் குளுகுளுவென்று இருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் மழை பிடித்தது. இதற்காகவே இன்னொரு 6,500 கொடுக்கலாம். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்பக்கம் சரிந்திருப்பதால் அத்தனை தண்ணீரும் வளவுக்குள் கொட்டுகிறது. வேலை செய்கிற அக்கா ஒருவர் ஓடிவந்து மூலையில் அண்டாவை வைத்தார். வறண்ட சீமை, விழுகிற தண்ணீரை விட மாட்டார்கள். அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து காலை மழைக்கு நீட்டிக்கொண்டாள். வெளியே எத்தனை இடி இடித்தும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பகலில் வந்து ரெண்டு மணி நேரம் போட்டோ எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

சாப்பாட்டுக்கு வருவோம். ராத்திரி பஃபே சுமார். ஊர் ஊராக விற்கிற அதே சிவப்புச் சிக்கன், வாய் எரிந்ததுதான் மிச்சம். சாப்பாடு என்றால் மறுநாள் மதியம் போட்ட இலைதான். முதலில் கறுப்புக் கவுனி அரிசியில் இனிப்பு, தேங்காய்ப்பூ தூவியது. பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்த அரிசி. அப்புறம் அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வைத்த வெண்டைக்காய் மண்டி. செட்டிநாடு என்றாலே காரம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை இந்த மண்டியைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். பரிமாறிய அண்ணன் கடைசியில் கிண்ணத்தையே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் தெருவைச் சுற்றினோம். 1912இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். மற்ற வீடுகளிலெல்லாம் பூட்டு, பூட்டு, பூட்டு. இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இடிபட்ட வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வீட்டை ஹோட்டல் ஆக்குவது எனக்கும் முழுசாகப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் தூண் தூணாக வீட்டிலேயே நிற்கிறதே, அதற்குக் காசு கொடுக்கலாம். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் கலர் சிமெண்ட் ஊற்றிக் கையாலேயே தரைக் கல் செய்வதையும் பார்த்தோம். சூளையே கிடையாது, பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது.

கிளம்பும்போதுதான் வினை. மழையில் குடித்த காபி, ஒன்று 120 ரூபாய் வீதம் பில்லில் இருந்தது. யாரும் முன்னாடி சொல்லவில்லை. கேட்டதற்கு "மெனுவுல இருக்கு சார்". மெனுவை யார் கொடுத்தார்கள்? நான் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா பில்லை எடுத்துப் படித்துவிட்டாள்.

பஸ்ஸில் திருமயம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டை தெரிந்ததும், "சித்தியையும் கூட்டிட்டு வந்திருக்கலாம். இன்னொரு கட்டில் போட்டா எவ்வளவு கேப்பாங்க?" என்றாள்.